மலைமுழுங்கி

பிப்ரவரியிலேயே முன்பணம் கட்டியது
இந்த ஜன்னலுக்குத்தான்.
படத்தில் ஜன்னல் நிறைய மலை இருந்தது.
அந்தி விழும்போது பாறை முழுக்க
அறுத்துவைத்த கொய்யாச் சிவப்பு.

செப்டம்பரில் வந்து திரையை விலக்கினேன்.
ஒரு வேலிக்கால்.
அதில் கவிழ்த்த ஒரு வாளி.
அப்புறம் வெள்ளை.

மலைமுழுங்கி மகாதேவனுக்குக்
கதவு ஒரு அப்பளம் என்பார்கள்.
இந்த மூடுபனி
இரண்டாம் நாள் வேலிக்காலையும் தின்றது.
வாளி மட்டும்
அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரி பெயர் நோத்புர்கா.
இந்தப் பள்ளத்தாக்கில் எந்தப் பலகையிலும் மூன்று மொழி.
தன் மொழி எந்தத் திருப்பத்தில் முதலில்,
எந்தத் திருப்பத்தில் கடைசியில் என்று
அவளுக்கு மனப்பாடம்.

மலைக்கு உங்கள் மொழியில் என்ன, என்றேன்.
"எந்த மலை?
புல் முளைத்தால் முன்த்.
வெறும் கல்லென்றால் க்ரெப்.
நீங்கள் எதற்குப் பணம் கட்டினீர்கள்?"

கல்லுக்கு என்று சொல்ல
ஏனோ வாய் வரவில்லை.

பார்லிக் கஞ்சி வந்தது.
நான் சைவம், என்றேன்.
புகையேறிய பன்றித் துண்டுகளைக்
கரண்டியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி
புருஷன் யாக்கோவின் கிண்ணத்தில் போட்டுவிட்டு
"இப்போது சைவம்" என்றாள்.
குடித்தேன்.
இரண்டாவது கிண்ணமும்.

பிறகு துர்த்ரெஸ்:
வயிற்றில் கீரையோடு எண்ணெயில் உப்பி வரும்
பூரிக்கு ஒன்றுவிட்ட தங்கை.
ஆறாவதில் ஆவி பீறிட்டு உதடு சுட்டது.
ஏழாவதை விடவில்லை.

யாக்கோ சரிவில் புல் அறுக்கப் போனான்.
செருப்படியில் இரும்புப் பல் கட்டிக்கொண்டுதான்
அந்தச் சரிவில் நிற்க முடியும்.
பின்னாலேயே போனேன். பத்தடிக்கு மேல் அவனில்லை.
அரிவாளின் சரக், சரக் மட்டும்;
நடுவில் சாணைக்கல் உரசும் சத்தம்;
ஈரப் புல்லின் பச்சை வாசனை
தொண்டைவரை.

தினமும் பார்ப்பீர்களா அதை, என்று
வெள்ளையைப் பார்த்துக் கேட்டேன்.
"எதற்கு?" என்றது வெள்ளை.
"ராத்திரியில் கல் உருண்டால் கேட்கும்.
இருக்கிறதென்று அர்த்தம்.
நெடுநேரம் உருண்டால்
எழுந்து மாட்டுக் கொட்டகையை எண்ணிப் பார்ப்போம்.
முன்பு இரண்டு இருந்தது."

அன்றிரவு தூங்காமல் காது கொடுத்தேன்.
மரச் சுவர் முறுக்கிக்கொண்டது.
கீழே ஒரு மாடு இருமியது.
கல் எதுவும் விழவில்லை.
விழவேண்டுமென்று நினைத்த மனதை
என்ன சொல்வது.

நான்காம் காலை ரசீது தந்தாள், கையால் எழுதியது:
அறை, மூன்று இரவு.
கஞ்சி, ஆறு.
துர்த்ரெஸ் என்ற வரியில் எண்ணை அடித்து
"நிறைய" என்றிருந்தது.
கடைசி வரியில்,
க்ரெப்: 0.

"ஜூலன்" என்றேன், அவள் மொழியில் நன்றி.
என் உச்சரிப்புக்கு
யாக்கோ முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான்.

பேருந்து மூன்றாம் வளைவில் நின்றது.
மேய்ச்சல் முடிந்து மாடுகள் இறங்குகின்றன,
சாலை அவற்றுடையது.
நூறு கழுத்து மணி. ஓட்டுநர் இன்ஜினை அணைத்து
ஆப்பிள் கடித்தார்.
மடியிலிருந்த பாலாடைக்கட்டி
காகிதத்தை மீறி நாறத் தொடங்கியது;
பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து
முன்னால் போய்விட்டார்.

அப்போதுதான் பார்த்தேன்.
பக்கக் கண்ணாடியில், உள்ளங்கை அளவு,
முழுசாக
மலை.

பதறித் திரும்பினால்
பின் ஜன்னல் முழுக்க ஒரு வங்கி விளம்பரம்.
மறுபடி கண்ணாடிக்கே வந்தேன்.
கொய்யாவெல்லாம் இல்லை.
காலை வெயிலில் வெறும் சாம்பல்,
நடுவே ஒரு வெள்ளைத் தழும்பு.
கொட்டகைமேல் விழுந்த கல்
அங்கிருந்துதான் பெயர்ந்திருக்கவேண்டும்.

ஒரு பழுப்பு மாடு நின்று
கண்ணாடியை முகர்ந்தது.
நாக்கை நீட்டி
அடியிலிருந்து உச்சிவரை
ஒரே நக்கு.

ஓட்டுநர் ஜன்னலை இறக்கி
சட்டைக் கையால் துடைத்தார்.
துடைத்ததில்
இன்னும் மங்கியது.